சீடையின் பேரேடு

கடைசியாக எழுதியது 2024 நவம்பர் 6, புதன்கிழமை இரவு. "புழு 4. தண்ணீர் மாத்தியாச்சு." அவ்வளவுதான் இருக்கிறது. மறுநாள் காலை சீடை இறந்து கிடந்தாள்.

சீடை ஒரு பல்லி. சுவரில் ஓடுகிற வீட்டுப் பல்லி இல்லை. லெப்பர்ட் கெக்கோ என்பார்கள். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் பக்கத்து வறண்ட பாறை நிலங்களைச் சேர்ந்த இனம். ஒரு சாண் நீளம், மஞ்சள் உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, கொழுத்த வால். அந்த வாலில் வரிவரியாக வளையம் ஓடும். முதல் நாள் பார்த்ததுமே அம்மா, "இதென்ன, சீப்புச்சீடையை ஒட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றார். பெயர் அப்படி வந்ததுதான். இலக்கணப்படி 'அது' என்று எழுத வேண்டும். நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த பிறகு எனக்கு அப்படி எழுத வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு காரைக்குடிக்குப் பக்கத்தில், பள்ளத்தூரில். பெங்களூரில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருந்தேன். 2020 ஆகஸ்டில் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றதும் இ-பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினேன். கூட வேலை பார்த்த நண்பர் ஒருவர் அப்போது ஜெர்மனிக்குப் போகவிருந்தார். ஒரு வயதுப் பல்லியை யாரிடம் விடுவது என்று தவித்துக்கொண்டிருந்தார். அடுத்த ஆள் கிடைக்கும்வரை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லி வாங்கினேன். எட்டு மணி நேரம் மடியில் டப்பாவோடு வந்து இறங்கியபோது அப்பத்தா முகப்பில் நின்றுகொண்டு, "பல்லியை யாராச்சும் பெங்களூர்லேருந்து சுமந்துக்கிட்டு வருவாகளா? இங்க சுவருக்குச் சுவர் இருக்கே ஆத்தா" என்றார். அடுத்த ஆளை நான் தேடவே இல்லை.

அப்பத்தாவுக்கு இப்போது தொண்ணூறு. பல்லி என்றால் அவருக்குச் சகுனம். பட்டாலையில் உட்கார்ந்திருக்கும்போது சுவரில் பல்லி சொன்னால் விரலால் தரையைத் தட்டுவார். எந்தத் திசை, என்ன கிழமை என்று பார்த்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டுவிட்டு வந்ததை இன்றைக்கும் சொல்வார். சீடையோ சத்தமே போட மாட்டாள். "இது எதுவும் சொல்லவே மாட்டேங்குதே" என்று அப்பத்தாவுக்கு ஆறு மாதம் குறை.

பிறகு ஒருநாள் மத்தியானம் சீடை தூங்குவதை அப்பத்தா பார்த்துவிட்டார். நம் வீட்டுப் பல்லிக்கு இமை கிடையாது. கண்ணை நாக்கால் நக்கித் துடைத்துக்கொள்ளும். இந்த இனத்துக்கு மேல் இமையும் கீழ் இமையும் உண்டு. கண்ணை மூடித் தூங்கும், எழுப்பினால் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடும். அப்பத்தா ரொம்ப நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "மனுசக் குஞ்சு மாதிரில்ல தூங்குது" என்றார். அதற்குப் பிறகு தினமும் அந்தப் பக்கம் போகும்போது ஒரு தடவை எட்டிப் பார்ப்பார்.

அவளுக்கென்று மூன்றடிக் கண்ணாடித் தொட்டி. ஒரு மூலை சூடாக இருக்க அடியில் ஹீட் மேட், அதைக் கட்டுப்படுத்த தெர்மோஸ்டாட். இந்த இனத்துக்குச் சூடான பக்கத்தில் தரை 32 டிகிரி போல இருந்தால்தான் தின்றது செரிக்கும். சித்திரை வைகாசியில் அந்த ஹீட் மேட்டை அணைத்தே வைத்துவிடுவேன், ஊரின் வெயிலே போதும். வெளியே 39, 40 என்று அடிக்கும்போதும் எங்கள் வீட்டு உள்ளறை தாங்கும் சூட்டில்தான் இருக்கும். கனத்த சுவர், உயரமான கூரை, நடுவில் வானம் பார்த்த வளவு. தொட்டியின் தரைக்கு மணல் போடக் கூடாது, குடலில் போய் அடைத்துக்கொள்ளும் என்பதால் பின்கட்டில் அடுக்கியிருந்த பழைய ஆத்தங்குடிக் கற்களில் இரண்டைக் கழுவிப் பதித்தேன். மஞ்சளும் கருஞ்சிவப்புமாகத் தாமரைப் பூ போட்ட கல். அந்தப் பூவின் நடுவில்தான் சீடை படுப்பாள். பாதத்தில் ஒட்டும் திண்டு இல்லாத பல்லி இது. கண்ணாடியில் ஏற முடியாது, தரையில் ஒவ்வொரு காலாக எடுத்து வைத்துத்தான் நடக்கும். புழுவைப் பார்த்துவிட்டால் வால் நுனி மட்டும் பூனைக்கு ஆடுவது போல மெல்ல ஆடும். இரண்டு நொடி. அப்புறம் பாய்ச்சல்.

கணக்கு எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் உண்டு. அப்பச்சி, அதாவது என் அப்பா, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். பால்காரர் கணக்கைக்கூட ஐந்தொகை எடுத்துத்தான் தீர்ப்பார். சீடைக்கென்று நான் காகிதத் துண்டுகளில் எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு, பீரோவிலிருந்து எழுதாத பேரேடு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சிவப்புத் துணி அட்டை, நீளவாக்கில் திறப்பது. பல்லியைத் தொட மாட்டார், தொட்டிப் பக்கம் வரவும் மாட்டார். ஆனால் "எழுதுறதை ஒழுங்கா எழுது" என்றார். ஞாயிற்றுக்கிழமை தோறும் சமையலறைத் தராசில் எடை. எத்தனை புழு, என்றைக்குத் தோல் உரித்தாள், என்றைக்குக் கால்சியம் தூள் தூவினேன், கழிவு எப்படி இருந்தது, எல்லாம் அதில் இருக்கிறது. 2024 செப்டம்பர் 60 கிராம். அக்டோபர் 61. தீபாவளி முடிந்த ஞாயிறு, நவம்பர் 3, அதே 61.

நவம்பர் 7 சூரசம்ஹாரம். அம்மா கந்த சஷ்டி விரதத்தில் ஆறாவது நாளாகப் பாலும் பழமுமாக இருந்தார். சாயங்காலம் குன்றக்குடிக்குப் போவதாக இருந்தோம். காலை ஏழு மணிக்குத் தண்ணீர்க் கிண்ணத்தை எடுக்கத் தொட்டியைத் திறந்தேன். ஈரப் பாசி வைத்த டப்பாதான் அவளுக்குப் பொந்து. தலை வெளியே, உடம்பு உள்ளே. எப்போதும் அப்படித்தான் தூங்குவாள். ஒரு கண் மூடியிருந்தது. இன்னொன்று பாதி திறந்திருந்தது. அந்தப் பாதிக் கண்தான் என்னை நிறுத்தியது. விரலால் வாலைத் தொட்டேன். நேற்றுவரை அந்த வால் ஊறிய உளுந்து மூட்டை போல மெத்தென்று இருக்கும். இப்போது விரல் உள்ளே போகவில்லை.

ஊர்வன குளிர்ந்துபோனால் செத்தது போலவே கிடக்கும் என்று படித்திருந்தேன். இதயம் அவ்வளவு மெதுவாகத் துடிக்கும். அதனால் சூடேற்றிப் பார்க்காமல் முடிவு கட்டக் கூடாது. தெர்மோஸ்டாட் திரையில் 31.8 என்று காட்டிக்கொண்டிருந்தது. சூடான மூலையில் வைத்தேன். அரை மணி நேரம். பிறகு இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டு, வளவில் வெயில் விழுகிற இடத்தில் தூணில் சாய்ந்து உட்கார்ந்தேன். வெயில் நகர நகர நானும் நகர்ந்தேன். பதினோரு மணிவரை. என் கைச்சூடு அவள் உடம்பில் ஏறிக்கொண்டே இருந்ததால், அவள் உடம்பே சூடாகிறது என்று இரண்டு தடவை நம்பினேன். அம்மா பக்கத்தில் வந்து நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் அலுவலகத்துக்கு என் கைப்பேசியிலிருந்து காய்ச்சல் என்று செய்தி அனுப்பியது அவர்தான்.

ஊரில் உள்ள கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். டப்பாவோடு போய் நின்றதும் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்தார். "எனக்கு மாடு, ஆடு, நாய் தெரியும்மா. இதுக்கு இதுல துடிப்பு கேக்குமான்னே எனக்குத் தெரியாது. ஆனா விறைப்பு வந்திருச்சு பாருங்க" என்று காலை மடக்கிக் காட்டினார். காசு வாங்கவில்லை. சென்னையில் ஊர்வன பார்க்கிற மருத்துவர் ஒருவரின் எண்ணைத் தேடிக் கொடுத்ததும் அவர்தான்.

சென்னை மருத்துவர் தொலைபேசியில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், யாருக்காவது உதவும். "ஃப்ரீசர்ல வைக்காதீங்க. உறைஞ்சா திசு உடைஞ்சிரும், மைக்ராஸ்கோப்ல வச்சா ஒண்ணும் தெரியாது. ஈரத் துணி சுத்தி, கவர்ல போட்டு ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல வைங்க. சீக்கிரம் கொண்டுவந்தீங்கன்னா அறுத்துப் பார்க்கலாம். பார்த்தாலும் காரணம் கிடைக்கும்னு நான் உறுதி சொல்ல மாட்டேன்." விரத நாளில் ஃப்ரிட்ஜில் வைக்க அம்மாவிடம் எப்படிக் கேட்பது என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது அம்மாவே கீழ்த்தட்டைக் காலி செய்து துடைத்து வைத்திருந்தார். அதிகாலைப் பல்லவன் ரயிலில் சீட்டும் போட்டாயிற்று. ஐஸ் பெட்டி தயார். நாங்கள் குன்றக்குடிக்குப் போகவில்லை.

நான் போகவில்லை, சென்னைக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து ஃப்ரிட்ஜைத் திறந்து கவரைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அந்த வயிற்றைப் பிளப்பார்கள் என்று நினைத்த மாத்திரத்தில் என்னால் முடியவில்லை. சீட்டை ரத்து செய்துவிட்டேன். இன்றைக்குக் கேட்டால் போயிருக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். இந்த முடிவை ராத்திரி எடுக்காதீர்கள். பகலில், கூட ஒருவரை வைத்துக்கொண்டு எடுங்கள். காரணம் கிடைத்திருக்குமோ என்னவோ, கிடைக்கக்கூடிய ஒரே வழியை நானே மூடிவிட்டேன் என்பது தனியாக ஒரு கனம்.

வெள்ளிக்கிழமை காலை பின்கட்டுத் தோட்டத்தில் வேப்பமரத்துக்குக் கீழே குழி தோண்டினேன். எங்கள் பக்கத்துச் செம்மண் கோடையில் கடப்பாரைக்கே மசியாது. ஐப்பசி மழை பெய்திருந்ததால் மண்வெட்டி இறங்கியது. அப்பத்தா சுவரைப் பிடித்துப் பிடித்து மூன்று கட்டும் நடந்து வந்தார். கையில் ஒரு பனையோலைக் கொட்டான். கண் நன்றாகத் தெரிந்த காலத்தில் அவரே முடைந்தது, சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஏற்றிய ஓலை. விசேஷத்துக்குத்தான் வெளியே எடுப்பார். "வெறும் மண்ணுல போடாதே" என்று நீட்டினார். சீடை அதற்குள் அளவெடுத்தது போல அடங்கினாள். மண்ணைத் தள்ளி முடித்ததும் அப்பத்தா சொன்னார்: "நமக்கு வந்ததை அது வாங்கிக்கிட்டுப் போயிருச்சு ஆத்தா."

எனக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. யாருக்கு என்ன வந்தது? அதை ஏன் அவள் வாங்க வேண்டும்? அன்று பதில் பேசாமல் உள்ளே வந்துவிட்டேன். வீட்டில் மாடு செத்தாலும் நாய் செத்தாலும் இந்த வட்டாரத்தில் சொல்கிற வார்த்தைதான் அது. ஆனால் நாள் போகப் போக அந்தக் கோபம் இறங்கிவிட்டது. எங்கள் நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஒரு தம்பதி ஒரு புள்ளி. ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. கோயில் வரியும் பங்கும் அந்தக் கணக்கில்தான். ஒருவர் இறந்தால் எந்தப் பங்காளிக்கு முதலில் சொல்வது, யார் என்ன செய்வது என்று எல்லாவற்றுக்கும் முறை இருக்கிறது. உடம்பெல்லாம் புள்ளியாக இருந்த சீடைக்கு எந்தப் புள்ளியிலும் இடமில்லை. யாருக்கும் சொல்லி அனுப்ப வேண்டியதில்லை, தீட்டு இல்லை, எத்தனை நாள் அழலாம் என்பதற்கும் கணக்கில்லை. அப்படிப்பட்ட ஒன்றை 'நமக்கு' என்கிற சொல்லுக்குள் கொண்டுவந்தது அப்பத்தாவின் அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான்.

அடுத்த ஒரு மாதம் நான் செய்த வேலை ஒன்றே ஒன்று. காரணம் தேடுவது.

தீபாவளிப் புகையோ? அன்று தெருவே புகையாக இருந்தது உண்மை. தொட்டியை இரண்டாங்கட்டுக்குக் கொண்டுபோய்த் துணி போட்டு மூடியிருந்தேன். நுரையீரலில் கோளாறு என்றால் வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும், மூக்கில் சளி தெரியும். ஒன்றும் இல்லை, தீபாவளி முடிந்து ஆறாம் நாள் இரவுகூடச் சாப்பிட்டாள். அந்துருண்டையோ? மழைக்காலம் வந்ததும் அம்மா பட்டுப்புடவைப் பீரோவில் போடுவார், அந்த நெடி ஊர்வனவற்றுக்கு ஆகாது. ஆனால் அந்தப் பீரோ இரண்டு அறை தள்ளி, நான்கு வருடமாக அதே இடத்தில் இருக்கிறது. கொசுவிரட்டி அந்த அறையில் கிடையாது, எனக்குக் கொசுவலைதான். ஆத்தங்குடிக் கல்லோ? பளபளப்புக்குத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைக்கிற கல்லாயிற்றே, சாயத்தில் ஏதாவது இருந்திருக்குமோ? நான்கு வருடம் படுத்துப் புரண்ட கல்.

புழு உள்ளே போய் வயிற்றைக் கடித்துத் துளைத்துவிடும் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான், மென்று விழுங்குகிற பல்லியின் வயிற்று அமிலத்தில் புழு பிழைக்காது. முட்டை அடைத்துக்கொண்டிருக்குமோ என்று பார்த்தேன். ஆண் துணை இல்லாமலேயே பெண் பல்லி கரு இல்லாத முட்டை வைக்கும், வெளியே வராமல் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. 2022 கோடையில் சீடை அப்படி இரண்டு வைத்தாள். அப்போது அடிவயிற்றுத் தோல் வழியாகவே வெள்ளையாக இரண்டு உருண்டை தெரிந்தது. இந்தத் தடவை இல்லை. குடலைத் தாக்கும் ஒட்டுண்ணி நோய் ஒன்று இந்த இனத்தில் அதிகம், ஆனால் அதில் முதலில் வால் குச்சியாக மெலியும். இவளுக்குக் கடைசி நாள்வரை வால் குறையவில்லை.

இதில் இரண்டு மட்டும் என்னை விடவில்லை. ஒன்று, அக்டோபர் நடுவில் கொல்லையில் பிடித்த ஒரு சுவர்க்கோழிப் பூச்சியை அவளுக்குக் கொடுத்தேன். பேரேட்டில் இருக்கிறது, "சு.கோழி 1, ஆசையாகத் தின்றாள்" என்று. வெளியே பிடிக்கும் பூச்சி எந்தத் தோட்டத்து மருந்தைத் தின்றுவிட்டு வந்ததோ, கொடுக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த விதி. தெரிந்தே கொடுத்தேன், அது ஓடியதும் அவள் தலையைச் சாய்த்துப் பார்த்ததைப் பார்த்து. மருந்து என்றால் மூன்று வாரம் பொறுத்தா வேலை செய்யும் என்று அறிவு கேட்கிறது. மனசு கேட்கவில்லை. இன்னொன்று அந்த வால். கொழுப்பைச் சேமித்து வைக்கும் இடம் அது. தேவைக்கு மேல் தீனி போட்டால் வால் நிறைந்து கல்லீரலிலும் கொழுப்பு ஏறும், வெளியே ஒன்றுமே தெரியாது. கழுத்தைவிட வால் பருத்திருந்ததை நான் ஆரோக்கியம் என்று நினைத்துப் பெருமைப்பட்டிருக்கிறேன். படம் எடுத்து ஜெர்மனிக்கு அனுப்பியிருக்கிறேன்.

இதயத்தில் ஏதாவது இருந்திருக்கலாம். பிறவியிலேயே ஒரு கோளாறு, உள்ளே ஒரு கட்டி. ஊர்வன நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் சோர்ந்து தெரிகிற பல்லியை அன்றே ஏதாவது தூக்கிக்கொண்டு போய்விடும், அதனால் கடைசிவரை நன்றாக இருப்பது போலவே இருக்கும். நாம் கண்டுபிடிக்கும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். இந்த இனம் நல்ல பராமரிப்பில் பதினைந்து, இருபது வருடம் இருக்கும். சீடைக்கு ஐந்துதான்.

எல்லாக் காரணத்துக்கும் அடியில் ஒன்று கிடந்தது. புதன்கிழமை இரவு எனக்கு அலுவலகக் கூட்டம் இருந்தது. காதில் ஹெட்போனோடு, ஒரு கையால் இடுக்கியில் புழுவை எடுத்து நீட்டினேன். நான்கையும் வாங்கினாள். தண்ணீரை மாற்றினேன், மூடினேன். வழக்கமாகப் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பேன். அன்று பார்க்கவில்லை. வால் நுனி ஆடியதா? தெரியாது. கண் தெளிவாக இருந்ததா? தெரியாது. "புழு 4" என்று எழுதத் தெரிந்த எனக்கு அவள் முகம் நினைவில்லை.

"பல்லிதானே" என்று யாராவது சொன்னால் அது கொடுமையாகச் சொன்னது இல்லை என்று எனக்குத் தெரியும். பெரும்பாலானவர்களுக்குப் பல்லி என்றால் துடைப்பத்தால் விரட்டுவது. பரவாயில்லை. இன்னொன்று வாங்கிக்கொள் என்று சொன்னவர்களிடம்தான் என்னால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. ஜெர்மனி நண்பரிடம் சொல்வதற்குப் பத்து நாள் எடுத்துக்கொண்டேன். அவருடைய பல்லி அல்லவா, நான் வாங்கி வைத்திருந்தது. சொல்லி முடித்தபோது அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமில்லை. பிறகு, "கடைசியா என்ன சாப்பிட்டா?" என்றார். "நாலு புழு." "நாலையும் தின்னாளா?" "தின்னா." "சரி" என்றார். அந்தச் 'சரி' எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்தது. அவர் காரணம் கேட்கவில்லை.

ராத்திரி தேடுவது மட்டும் நிற்கவில்லை. மார்கழி பிறப்பதற்கு முன்னால் ஒருநாள், பதினொன்றரை மணிக்குப் பட்டாலையில் பேரேட்டை விரித்து வைத்துக்கொண்டு, நான்கு வருட எடையையும் வரிசையாக மறுபடி தாளில் எடுத்து எழுதிக்கொண்டிருந்தேன். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அப்பச்சி எதிரில் உட்கார்ந்தார்.

"எங்க இடிக்குது?"

"எங்கயும் இடிக்கல அப்பச்சி. எல்லாம் சரியா இருக்கு. அதான்."

பேரேட்டைத் தன் பக்கம் திருப்பி முதல் பக்கத்திலிருந்து பார்த்தார். கண்ணாடி போடாமல், தூரத்தில் பிடித்துக்கொண்டு. ஒவ்வொரு பக்கமாக. அதை அவர் பார்ப்பது அதுதான் முதல் தடவை. பிறகு ஐயாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அப்பச்சியின் அப்பா பர்மாவில் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையனாக, எடுபிடியாக இருந்தவர். 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது எல்லோரையும் போல உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பியவர். இது வரைக்கும் எனக்குத் தெரிந்த கதை. தெரியாதது, வரும்போது கொண்டுவந்த ஒரு கணக்குப் புத்தகத்தில் ஒரு தொகை கடைசிவரை நேராகவில்லை என்பது. யார் கொடுத்தது, யாருக்குச் சேர வேண்டியது, அங்கேயே எங்கே போயிற்று, ஒன்றும் தெரியாது. கேட்பதற்கு அந்தப் பக்கம் ஆளும் இல்லை.

"என்ன செஞ்சாக?"

"அனாமத்துல வச்சாக. தள்ளுபடியும் பண்ணல, யார் தலையிலயும் பற்றும் எழுதல. வருசம் பிறந்து புதுக்கணக்குப் போடுறப்பல்லாம் முதல் பக்கத்துல அதைக் கொண்டாந்து எழுதுவாக. சாகுற வருசம்கூட எழுதினாக."

"அது உறுத்தாதா அப்பச்சி?"

"உறுத்துச்சு. எழுதிட்டு மத்த கணக்கைப் பார்க்கப் போயிருவாக." பேரேட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். "நீ உன் பேர்ல பற்று எழுதிக்கிட்டு இருக்க."

எழுந்து தண்ணீரைக் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். நான் "புழு 4"க்குக் கீழே அடுத்த வரியில் எழுதினேன். தேதி 7-11-2024. எடை 60. காரணம் என்ற இடத்தில், அனாமத்து. எடை எப்படித் தெரியும் என்றால், கொட்டானில் வைப்பதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை தராசில் வைத்தேன். அதை அதுவரை எழுத மனம் வரவில்லை.

அன்றிலிருந்து தேடல் நின்றுவிட்டது என்று சொன்னால் பொய். குறைந்தது. தெர்மோஸ்டாட்டை அதற்கு மறுநாள்தான் பிளக்கிலிருந்து பிடுங்கினேன். அதுவரை காலித் தொட்டியின் மூலை ஒரு மாதமாக 32 டிகிரியில் இருந்திருக்கிறது.

மார்கழியில் நாங்கள் கும்பிடுகிற பிள்ளையார் நோன்புக்கு வீடு நிறைந்தது. இழை எடுக்க, அதாவது மாவில் ஏற்றிய திரியை வாங்கி விழுங்க, எல்லோரும் வரிசையில் நின்றபோது, அம்மான் பேத்தி, ஆறு வயது, என் சேலையைப் பிடித்து இழுத்து, "அந்த மஞ்சப் பல்லி எங்க?" என்றாள். போன வருடம் வந்தபோது அவளும் சீடையும் கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"செத்துப்போச்சுடா."

"எப்படி?"

"தெரியல."

அதற்குப் பின்னால் நான் எதையும் சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொன்னாள். தட்டிலிருந்து ஒரு சீடையைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தாள்.

புழுக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீடைக்கு வளர்த்த புழு இரண்டு டப்பா இருந்தது, இருநூறுக்கு மேல். கோதுமைத் தவிட்டில் வாழ்கிற புழு. தண்ணீர் வைக்கக் கூடாது, பூஞ்சை பிடிக்கும். ஈரத்துக்கு ஒன்று விட்டு ஒருநாள் கேரட் வில்லை ஒன்று போட வேண்டும். அவள் போன வாரத்தில் அந்த டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. எதற்காக இதை வளர்க்கிறோம் என்று கை நின்றுவிடும். கோழிக்குப் போட்டுவிடு என்று அம்மா சொன்னார், அதுவும் முடியவில்லை. அப்படியே மூடி வைத்தேன். நாளைக்குப் பார்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே பல நாள் போய்விட்டது. செத்திருக்கும் என்றுதான் இருந்தேன்.

தை பிறந்து நாலைந்து நாள் இருக்கும். காலையில் அடுப்படிக்கு வந்தால், அப்பச்சி அரிவாள்மனைக்கு முன்னால் உட்கார்ந்து கேரட்டை வில்லை வில்லையாக நறுக்கிக்கொண்டிருந்தார். பக்கத்தில் திறந்த டப்பா. உள்ளே தவிடு புதிதாக மாற்றியிருந்தது. பாதிப் புழு வெள்ளைக் கூட்டுப்புழுவாகச் சுருண்டு கிடந்தது, மீதி கறுப்பு வண்டாகித் தவிட்டின் மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. டப்பா மூடியின் உள்பக்கம் பென்சிலில் தேதிகள், ஒன்று விட்டு ஒருநாள், கார்த்திகையிலிருந்து. அப்பச்சியின் கையெழுத்து.

என்னைப் பார்த்ததும் ஒரு வில்லையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"வண்டுக்கு இன்னும் மெல்லிசா அரியணுமா, இது போதுமா?"

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். போதும் என்றேன்.